வேலையை விட்டு நிறுத்தினால் போதுமா?



பிஞ்சுக் கைகள் தைத்த சட்டையை வாங்காதே என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வாங்காமல் விட்ட மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

வங்கதேசத்தைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். குழந்தை உழைப்பில் உருவான சரக்கு அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாது என்றது அது. நல்ல எண்ணம்தான். மசோதா சட்டமாகவே இல்லை. அதற்குள் ஆடைத் தொழிற்சாலை முதலாளிகள் பயந்துபோய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியே விரட்டினார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகளை! பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த அந்தச் சிறுமிகள் பள்ளிக்கூடமா போனார்கள்? கல் உடைக்கப் போனார்கள். தெருவில் கூவி விற்கப் போனார்கள். விபசாரத்தில் தள்ளப்பட்டவர்களும் உண்டு. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் எழுதி வைத்திருக்கிறது, படித்துப் பாருங்கள்.

1995 ஜூலையில்தான் வழி பிறந்தது. ஆடை ஏற்றுமதியாளர் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ., யுனிசெஃப் மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். பிள்ளைகளுக்கென்று பள்ளிகள் திறந்தார்கள். படிக்க வந்த பிள்ளைக்கு மாதம் 300 டாக்கா கொடுத்தார்கள். தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்க ஆய்வாளர்களை அமர்த்தினார்கள். அந்த ஆய்வுக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறையும் பணம் தந்தது.

அதே துறை 2025 மார்ச்சில் என்ன செய்தது? குழந்தை உழைப்பை ஒழிக்கவும் தொழிலாளர் உரிமை காக்கவும் வெளிநாடுகளுக்குத் தந்துவந்த மானியங்களை, 69 திட்டங்களை, ஒரே வீச்சில் ரத்து செய்தது! 2000-இல் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் 2024-இல் 13.8 கோடியாகக் குறைந்திருக்கிறார்கள். குறைந்துவரும் நேரத்திலா கையை இழுத்துக்கொள்வது?

"அமெரிக்கத் தொழிலாளிக்கு இதில் என்ன லாபம்?" என்கிறார்கள் ரத்து செய்தவர்கள். சிறுவனை அரைக் கூலிக்கு வேலை வாங்க விட்டுவிட்டால், எந்த ஊர்த் தொழிலாளி முழுக் கூலி கேட்டு நிற்க முடியும்?

அரசு மட்டுமல்ல, சாக்லேட் கம்பெனிகளும் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கோகோ தோட்டங்களில் குழந்தை உழைப்பின் கொடிய வடிவங்களை 2005-க்குள் ஒழிப்போம் என்று 2001-இல் கையெழுத்துப் போட்டார்கள். 2018-19 பருவத்தில்கூட கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் சுமார் 15 லட்சம் பிள்ளைகள் அந்த வேலையில் இருந்தார்கள். கொடுவாளால் காயைப் பிளக்கிறான் சிறுவன். வாள் வழுக்கினால் விரல் போகும்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் தீர்மானம் வைக்கிறேன். ரத்தான மானியங்களை மீண்டும் தர வேண்டும். கோகோவில் கொழித்த கம்பெனிகள் பள்ளிக்கும் ஆய்வுக்கும் பணம் கட்ட வேண்டும். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்!