318-னு ஒரு நம்பர்

இன்னைக்கு விருந்தாளி யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன எபிசோட் வந்து ஏழு வாரம் ஆச்சு. என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி"ன்னு பதில் போட்டேன். அது பொய். உண்மையான காரணம் ஒரு நம்பர். 318.

எனக்கு 41 வயசு. சிகரெட் கிடையாது, சுகர் கிடையாது. வாரத்துல மூணு நாள் பெசன்ட் நகர் பீச்ல ஓடுறவன். ஆனா எங்க அப்பா 52 வயசுல மாரடைப்புல போயிட்டாரு. அதனால டாக்டரா இருக்கிற ஒரு ஃப்ரெண்டு, "ஒரு தடவை கால்சியம் ஸ்கேன் எடுத்துப் பாத்துடேன்டா"ன்னு சொன்னான். ரொம்ப சாதாரணமான ஸ்கேன்தான். மருந்து எதுவும் ஏத்த மாட்டாங்க. நெஞ்சுல வயர் ஒட்டி, சி.டி. மெஷின்ல படுக்க வெச்சு, மூச்சைப் பிடிக்கச் சொல்வாங்க. பத்து நிமிஷத்துல வெளிய வந்துடலாம். சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துச்சு. அடையாறு சிக்னல்ல நிக்கும்போது திறந்தேன். 318, சிவப்பு எழுத்துல. பச்சை விழுந்து பின்னாடி ஹாரன் அடிச்சதுகூட காதுல விழல.

அதுக்கப்புறம் நான் பண்ண கூத்தைச் சொல்லணும். ராத்திரி மூணு மணி வரைக்கும் கூகுள். மறுநாள்ல இருந்து பால், தயிர் கட். கால்சியமாச்சே! சாப்பாட்டுல இருக்கிற கால்சியத்துக்கும் ரத்தக்குழாய்ல படியுற இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஓட்டத்தை நிறுத்தினேன். ரெண்டாவது மாடி வீட்டுக்கு ஏறும்போது நடுப்படில நின்னு வாட்ச்ல ஹார்ட் ரேட் பார்ப்பேன். பொண்ணைத் தூக்க பயம். என் மனைவி ஒருநாள், "அவ கேக்குறா, அப்பாவுக்கு ஏன் எம்மேல கோவம்னு"ன்னு சொன்னாங்க. அதுதான் நெஞ்சை அடைச்சுது, கால்சியம் இல்ல.

முதல்ல பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டை முப்பது செகண்ட் பாத்திருப்பாரு. "உடனே ஆஞ்சியோ பண்ணிடலாம், அடைப்பு இருந்தா அப்பவே ஸ்டென்ட் வெச்சுடலாம்"னாரு. அட்மிஷன் ஃபார்ம் கைக்கு வந்துடுச்சு. வீட்ல கேட்டுட்டு வரேன்னு சொல்லி ஓடி வந்துட்டேன். ரெண்டாவதா போனது ஒரு வயசான லேடி கார்டியாலஜிஸ்ட்கிட்ட. ரிப்போர்ட்டை அப்படியே கவுத்து வெச்சுட்டு, என்னைத்தான் கேட்டாங்க. "தம்பி, நடந்தா நெஞ்சு வலிக்குதா? மூச்சு வாங்குதா? மயக்கம்?"

"இல்ல மேடம். போன மாசம்கூட பத்து கிலோமீட்டர் ஓடினேன்."

"அப்புறம் எதுக்குப்பா இன்னைக்கே ஆஞ்சியோ?"

அவங்க சொன்னதை அப்படியே உங்ககிட்ட சொல்றேன். இந்த ஸ்கேன், குழாய் எத்தனை சதவீதம் அடைச்சிருக்குன்னு சொல்லாது. குழாயோட சுவர்ல எவ்வளவு சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னுதான் சொல்லும். கொழுப்பு படிஞ்சு, புண்ணாகி, உடம்பு அதை ஆத்தப் பாத்த இடத்துல விழுந்த தழும்பு மாதிரி அது. அப்போ 318-ங்கறது நாளைக்கு வரப்போற தேதி இல்ல. இத்தனை வருஷமா நடந்ததோட கணக்கு. அதுக்காக சும்மா விட்டுடலாம்னும் அர்த்தம் இல்ல. 41 வயசுல பெரும்பாலானவங்களுக்கு பூஜ்யம்தான் வரும். 100-ஐத் தாண்டினாலே மாத்திரை பத்திப் பேசணும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் பேரு ஆர்தர் அகாட்ஸ்டன். அமெரிக்காவுல, மயாமி பீச்ல இருந்த இதய மருத்துவர். 1990-ல வந்த கட்டுரை. பின்னாடி சவுத் பீச் டயட்னு ஒரு டயட் ஃபேமஸ் ஆச்சே, அதுவும் இவரோடதுதான். அவர் முறைப்படி, படிவு எத்தனை சதுர மில்லிமீட்டர்னு பார்த்து, அது எவ்வளவு கெட்டியா இருக்கோ அதுக்கேத்த மாதிரி 1-ல இருந்து 4 வரைக்கும் ஒரு எண்ணால பெருக்குவாங்க. கெட்டியா இருந்தா ஸ்கோர் ஏறும். ஆனா பாருங்க, கெட்டியான படிவு சீக்கிரம் வெடிக்காது. மாரடைப்பைக் கொண்டு வர்றது பெரும்பாலும் கொழகொழன்னு இருக்கிற மெல்லிசான படிவு வெடிச்சு, அங்க ரத்தம் உறையறதுதான். அந்த மெத்துன்னு இருக்கிறது இந்த ஸ்கேன்ல தெரியவே தெரியாது. அதனால ஸ்கோர் பூஜ்யம்னு வந்தா நல்ல செய்திதான், ஆனா தம் அடிக்க லைசென்ஸ் கிடையாது.

நான் கேட்டேன், "மேடம், மாத்திரை போட்டா அடுத்த வருஷம் ஸ்கோர் குறையுமா?" சிரிச்சாங்க. "குறையாது. ஏறும்."

ஸ்டாட்டின் மாத்திரை அந்த மெத்துன்னு இருக்கிற படிவை இறுக்கிக் கெட்டியாக்கும். ஆபத்து குறையும், ஸ்கோர் கூடலாம். "அடுத்த வருஷம் நீங்க ஸ்கேன் எடுத்து 350-னு வந்தா மறுபடியும் தூங்க மாட்டீங்க. நீங்க பார்க்க வேண்டிய நம்பர் இது இல்ல, எல்.டி.எல்."

என்னோட எல்.டி.எல். 148. நார்மலுக்குக் கொஞ்சம் மேலன்னு ஒவ்வொரு வருஷமும் ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல ஒதுக்கித் தள்ளின நம்பர்! எனக்கு 70-க்குக் கீழ வரணும்னாங்க. ரோசுவாஸ்டாட்டின் ஆரம்பிச்சு ஆறு வாரத்துல 72. இப்போ எசெடிமைப்னு இன்னொரு மாத்திரையும் சேர்த்திருக்காங்க. கூடவே லைப்போபுரோட்டீன் ஏ-ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை. இது பரம்பரையா வர்றது, ஓட்டத்துக்கும் டயட்டுக்கும் அசையாது, வாழ்நாள்ல ஒரு தடவை பார்த்தா பெரும்பாலும் போதும். எனக்கு அதிகம். அப்பாவுக்கும் இருந்திருக்கலாம். அவர் காலத்துல யார் பார்த்தாங்க?

ட்ரெட்மில் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு, ஓடச் சொல்லிட்டாங்க. முதல் நாள் நூறு மீட்டர்ல நின்னு அழுதேன். இப்போ மூணு கிலோமீட்டர் வரைக்கும் வந்துட்டேன், பொண்ணு சைக்கிள்ல பக்கத்துலயே வர்றா.

இதைக் கேக்குற இருபத்தஞ்சு வயசுக்காரங்க நாளைக்கே ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீங்க. உங்களுக்கு அனேகமா பூஜ்யம்தான் வரும், அதை நம்பி ஏமாறவும் ஏமாறுவீங்க. சாதாரண கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுங்க, பிபி பாருங்க, வீட்ல யாருக்கு எந்த வயசுல ஹார்ட் பிரச்சினை வந்துச்சுன்னு கேளுங்க. நெஞ்சு வலி இருக்குன்னா இந்த ஸ்கேனே வேண்டாம், நேரா எமர்ஜென்சி.

ஒண்ணு பாக்கி இருந்துச்சு. என் தம்பி பெங்களூர்ல இருக்கான். 36 வயசு, ஒரு நாளைக்கு எட்டு சிகரெட். அதே அப்பா. ஏழு வாரமா அவன்கிட்ட சொல்லவே இல்ல, அம்மாவுக்குத் தெரிஞ்சுடும்னு. போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் ஒண்ணா கால்ல வெச்சு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உங்கப்பா மூணு நாளா தோள்பட்டை வலிக்குதுன்னாரு, நான் தைலம் தேச்சு விட்டேன்"னாங்க. இருபது வருஷத்துல அவங்க இதை எங்ககிட்ட சொன்னதே இல்ல.

தம்பி, "சிகரெட் பத்தி மட்டும் பேசாதண்ணா"ன்னான். சரிடா, பேசலன்னேன். நேத்து காலைல ஒரு போட்டோ அனுப்பியிருந்தான், ரத்தம் எடுத்த இடத்துல பஞ்சு ஒட்டின கை. ரிப்போர்ட் திங்கக்கிழமை வருமாம்.