மூளைப் படமும் முகத்துக் காற்றறைகளும்



மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கும், ஓயாத தலைவலியால் வருந்துபவருக்கும் மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுப்பதுண்டு. மூளையில் குறையொன்றும் இல்லை, ஆனால் சைனஸில் ஏதோ தென்படுகிறது என்று அறிக்கை கூறினால், சிலர் புற்றுநோயோ என நடுங்குகின்றனர். சிலர் அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். இரண்டும் வேண்டா.

சைனஸ் என்பவை மூக்கைச் சூழ்ந்த எலும்புகளுக்குள் அமைந்த காற்றறைகள். கன்னங்கள், நெற்றி, கண்களுக்கு இடைப்பட்ட பகுதி, மூக்கின் பின்புறத்து ஆழம் ஆகிய நான்கு இடங்களிலும் இவை இணையிணையாக உள்ளன. தலையைப் படமெடுக்கும்போது இவையும் சேர்ந்தே பதிவாகின்றன. 1971ஆம் ஆண்டில் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. முன்னர் எவரும் அறியாதிருந்த பல சிறு மாற்றங்கள் அதன் பயனாக இன்று புலனாகின்றன.

சாதாரணச் சளி பிடித்திருந்தாலே அறையின் உட்சவ்வு தடித்துத் தோன்றும். கன்ன அறையில் சிறு நீர்க்கட்டி காணப்படுவதும் பொதுவானதே. தொல்லை தராதவரை இவற்றிற்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை.

ஐயத்திற்குரியவை எவை? ஒரு பக்கத்து அறை மட்டும் முழுதும் அடைபட்டிருந்தால், சொத்தைப் பல்லின் வேரிலிருந்து பரவிய சீழா, பூஞ்சைத் திரளா, அரிதாகத் தோன்றும் புற்றா என மருத்துவர் ஆராய்வார். எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்றும் நோக்குவார். பின்புறத்து அறை கண் நரம்பை ஒட்டியிருப்பதால், அங்கு காணும் மாற்றத்தைத் தனிக் கவனத்துடன் பார்ப்பார். தேவையெனின் மூக்கினுள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்ப்பார். சிறு துணுக்கெடுத்துச் சோதிக்கவும் செய்வார்.

படத்தோடு உங்கள் வாய்ச்சொல்லும் மருத்துவருக்கு வேண்டும். ஒரு பக்க மூக்கடைப்பு, மூக்கில் இரத்தக் கசிவு, கன்னத்தில் மரமரப்பு, பல் ஆடுதல், கண் துருத்துதல் அல்லது உள்வாங்குதல் ஆகியவற்றுள் எது இருப்பினும் மறைக்காமல் கூறுங்கள். பார்வை மங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, கண் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு நாள் பால்வெட்டுச் சம்பளத்தைப் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். இழந்த பார்வையை ஈட்ட முடியாது.

அறிக்கை நமக்குப் புரியாத மொழியில் இருக்கலாம். அதனால் வாளாவிருத்தல் கூடாது. “இதை மேலும் பரிசோதிக்க வேண்டுமா? காது, மூக்கு, தொண்டை நிபுணரைக் காண வேண்டுமா?” என்று மருத்துவரைக் கேட்பது நம் உரிமை. விடை பெற்ற பின்னரே வீடு திரும்புவோம்.