துரை பங்களாவுக்குப் பின்னால்



கெடாவில் பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் கேமரா முதலில் தேடிப் போவது துரை பங்களாவைத்தான். அங்கே பேய் உலவுவதாக ஒரு பேச்சு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பின்னால் இருக்கும் லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, பெரட்டுக்களம், கள்ளுக்கடை பக்கம் யாரும் திரும்புவதில்லை.

கள்ளுக்கடையா என்று சிரிக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை மறியல் செய்தது அந்தக் கடைகளின் வாசலில்தான். 1947-இல் போலீசாருடன் மோதல் முற்றி, கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தொழிலாளி இறந்தார். இத்தனையும் பார்த்த கட்டடங்களுக்கு எத்தனை படம் இருக்கிறது?

புக்கிட் சீடிம் தோட்டத்தையும் சொல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் அது. பால்மரம் வெட்டியவர்களின் சேமிப்பில் வாங்கிய மண். அங்கே ஒரு பழைய தகரக் கூரைகூட எனக்குப் பங்களாவைவிடப் பெரிது.

பழைய கட்டடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே என்று நம்பி இருந்துவிட முடியாது. பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில் இருந்த 11-ஆம் எண் சண்டி என்னும் பழங்கோயில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. வீடமைப்புக்காக அதை இடித்துத் தள்ளியது 2013 டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. தனியார் நிலம், அரசிதழில் பதிவாகவில்லை என்றார்கள். கடாரத்துச் செங்கல்லுக்கே அந்தக் கதி. கரையான் அரிக்கும் பலகை லயத்துக்கு, செம்பனை மறுநடவு வந்தால் ஒரு காலைப்பொழுது போதும்.

ஆகவே அடுத்த முறை தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டு, அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். உடைந்த கல்நார் கூரையைத் தொடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதலில் கட்டடம் முழுதும் தெரிய நேராக ஒரு படம். பக்கத்தில் ஆள் நின்றால் உயரம் விளங்கும். பிறகு அடுப்படிக் கரி, கதவுத் தாழ்ப்பாள், சுவரில் சாமி படம் மாட்டிய ஆணி. எந்த வாசல் யாருடையது என்று பெரியவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். படத்தோடு தோட்டத்தின் பெயர், டிவிஷன், தேதி மூன்றையும் எழுதி, பிரதி ஒன்றைத் தோட்டத்துக் கோயில் நிர்வாகத்திடமும் இன்னொன்றைத் தமிழ்ப்பள்ளியிலும் கொடுத்துவிடுங்கள்.