பிள்ளையின் உயரம்: கணிப்பும் கடமையும்

பெங்களூரின் ஆஸ்டின் டவுன் கால்பந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற பகுதி. தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கு வாழ்கின்றன. அத்தகைய பகுதியில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தோழர்களினும் குட்டையாக இருப்பின், பெற்றோரைக் கவலை பற்றிக்கொள்கிறது: இனி வளர்வானா? அணியில் இடம் கிடைக்குமா?

இதற்கான விடை வயதில் மட்டும் இல்லை; உடலின் முதிர்ச்சியிலும் உள்ளது. பருவமெய்தும் காலத்தில் வளர்ச்சி விரைவுபெறுகிறது. சிறுமியரிடம் இவ்வேகம் 12 வயதையொட்டி ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ. என உச்சமடைகிறது, சிறுவரிடம் 14 வயதையொட்டிச் சுமார் 9 செ.மீ. ஆகிறது. பூப்பெய்தியபின் பெண்கள் பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. வரையே வளர்வர். தாமதமாகப் பருவமெய்தும் சிறுவன் பின்னர் ஈடுசெய்துகொள்ளக்கூடும். ஆதலின், உயரத்தை மட்டும் நோக்கி இளம் ஆட்டக்காரரை ஒதுக்குவது திறமையை விரயமாக்குவதாகும்.

உயரத்தை முன்கணிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. பெற்றோர் இருவரின் உயரத்தைக் கூட்டி, மகனாயின் 13 செ.மீ. சேர்த்து, மகளாயின் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். தந்தை 165, தாய் 150 செ.மீ. எனில் மகனின் உயரம் ஏறத்தாழ 164 செ.மீ. இதில் எட்டு செ.மீ. வரை கூடலாம், குறையலாம். இடக்கை மணிக்கட்டின் எக்ஸ்ரே படத்தால் எலும்பு வயதை அறிவது மற்றொரு முறை. அதனைக்கொண்டு உயரத்தைக் கணிக்கும் அட்டவணைகளைப் பெய்லி, பின்னோ இருவரும் 1952-இல் வெளியிட்டனர். அவை அமெரிக்கக் குழந்தைகளை அடிப்படையாகக் கொண்டவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பெற்றோரே இளமையில் போதிய உணவின்றி வளர்ந்திருந்தால், இக்கணக்கில் வறுமையும் பரம்பரையாகவே தோற்றமளிக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

உயரம் கூட்டுவதாக விளம்பரப்படுத்தப்படும் மாவுகளுக்குச் செலவிடுவதைவிட, ஆறு மாதத்துக்கொருமுறை அளந்து குறித்துவைப்பது பயனுடையது. பருவத்துக்கு முன் ஆண்டு வளர்ச்சி 4 செ.மீ.க்குக் குறைந்தாலும், சிறுமிக்கு 13, சிறுவனுக்கு 14 வயது நிரம்பியும் பருவக்குறிகள் தோன்றாவிடினும் மருத்துவரை அணுக வேண்டும். இதற்குப் பள்ளிக்கு வேண்டியவை ஓர் அளவுகோலும் ஒரு பதிவேடுமே. அவற்றை ஒழுங்காகப் பேணச் செய்வது அலுவலர்களின் பொறுப்பாகும்.