அந்த நாட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்களா?

(வெளிநாட்டுப் படிப்பு பற்றி, மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய தென்காசிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குற்றாலத்தில் சாரல் விழுகிறது. மெயின் அருவிக்கும் ஐந்தருவிக்கும் வெளியூர் ஜனங்கள் வந்து கொண்டிருக்கிறார்கள். இதே ஜூன் மாதத்தில் இன்னொரு கூட்டமும் நம் பக்கம் வருகிறது. நீட் முடிவு வந்த மறுநாளே ஓட்டல் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். சுவரில் பெரிய படம். படத்தில் பனி, வெள்ளைக் கோட்டு, சிரிக்கிற பிள்ளைகள். “டாக்டர் ஆகலாம், வாருங்கள்!”

போன வாரம் ஒரு தாய் என்னிடம் வந்தார். கடையம் பக்கத்துக்காரர். பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். கையில் ஒரு வர்ணக் காகிதம். “அண்ணாச்சி, ரசியாவுல ஆறு வருசம் படிச்சா எம்புள்ள நம்ம ஊர்ல டாக்டருதானே?” என்று கேட்டார். ஆம் என்று சொன்னாலும் பாதிப் பொய். இல்லை என்று சொன்னாலும் பாதிப் பொய். அந்த அம்மாளுக்கு ஒரு மணி நேரம் சொன்ன பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. வெளிநாடு போய்ப் படிப்பதை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். “இங்கே மார்க் வாங்க முடியாதவன் அங்கே ஓடுகிறான்” என்கிறார்கள். இது தவறான பேச்சு. நம் மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. பக்கத்து விருதுநகருக்குக் கிடைத்தது. தென்காசி அந்தப் பட்டியலில் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020ல் வந்தது. அது பெரிய உதவி. அதிலும் இடம் கிடைக்காதவனுக்குத் தனியார் கல்லூரிக் கட்டணம் எட்டாது. அவன் வேறு எங்கே போவான்? ஆகவே போகிறவனைக் குறை சொல்ல நான் வரவில்லை. எந்தக் கல்வி முறைக்குள் காலை வைக்கிறோம் என்று தெரிந்து கொண்டு போ என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு நாட்டின் கல்வி முறை அந்நாட்டு ஜனங்களுக்காகச் செய்யப்பட்டது. பள்ளி எத்தனை வருஷம், பரீட்சை எப்படி, எந்த மொழி, பட்டம் வாங்கியவன் எங்கே வேலைக்குப் போகிறான் — எல்லாம் அவர்களுடைய தேவைக்கு ஏற்றபடி அமைந்தவை. நாம் இடையில் போய் நுழைகிறவர்கள். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன? “கட்டணம் எவ்வளவு” என்பதா? “சாப்பாடு நம்ம சாப்பாடா” என்பதா? இல்லை. “இந்த வகுப்பில் அந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்களா? படித்து முடித்தால் அந்த நாட்டிலேயே வைத்தியம் பார்க்க அனுமதி உண்டா?” இதுதான் கேள்வி.

ரஷ்யாவையே எடுத்துக் கொள்வோம். எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த நாட்டுக் கல்வி மேல் தனி மோகம் உண்டு. மீர் பதிப்பகத்தின் பௌதிகப் புத்தகம் மலிவு விலையில் வந்தது; என். சி. பி. எச். கடையில் வாங்கி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்தவர்கள் நாங்கள். ரஷ்ய எழுத்தைக் கூட்டிப் படிக்க நான் கற்றதும் அந்த ஆசையில்தான். 1960ல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அடுத்த வருஷம், கொல்லப்பட்ட காங்கோ தலைவர் பாட்ரிஸ் லுமும்பாவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா — விடுதலை பெற்றதும் பெறாததுமான நாடுகளின் பிள்ளைகளுக்காக நிறுவியது. படிப்பு இலவசம், உபகாரச் சம்பளமும் உண்டு. 1992ல் லுமும்பா பெயரை நீக்கினார்கள். 2023ல் மறுபடி வைத்தார்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது இலவசத்தை அல்ல. வந்த மாணவனை நேரே வகுப்பில் உட்கார வைக்கவில்லை. முதல் வருஷம் ஆயத்த வகுப்பு. பிரதானமாக ரஷ்ய மொழி. பிறகுதான் மருத்துவமோ, எஞ்சினீயரிங்கோ, விவசாயமோ. ரஷ்யப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம் கேட்டு, ஒரே பரீட்சை எழுதினான்.

இன்று நம் பிள்ளைகள் போவது எப்படி? ஆங்கிலத்தில் நடக்கும் தனி வகுப்பு. முழுக் கட்டணம். பக்கத்து இருக்கைக்காரன் பெரும்பாலும் இந்தியன்தான். ரஷ்ய மாணவன் வேறு கட்டடத்தில் ரஷ்ய மொழியில் படித்துக் கொண்டிருப்பான். முதல் இரண்டு வருஷம் பாடம் ஓடிவிடும். மூன்றாவது வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படுக்கையில் ஒரு கிழவி கிடக்கிறாள். “எங்கே வலிக்கிறது பாட்டி?” என்று எந்த மொழியில் கேட்பான்? அவள் சொல்வது எந்த மொழியில் இருக்கும்? நம் தென்காசி ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து “வயித்தப் பெரட்டுது, நெஞ்சக் கரிக்கி” என்று சொன்னால், தமிழ் தெரியாத டாக்டர் என்ன பாடுபடுவாரோ அந்தப் பாடுதான். பாஷை தெரியாதவன் நோயாளியின் கால்மாட்டில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருவான். வருகைப் பதிவேட்டில் மட்டும் டிக் விழும்.

தாய்மொழியில்தான் கல்வி வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக் கொண்டிருந்த ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை இந்தக் குற்றாலத்தில் கழித்து 1954ல் காலமானார். ரஷ்யன் தன் மொழியில் உடற்கூறு படித்துத் தன் மொழியிலேயே ஊசி போடுகிறான். நாம் அந்த ஊருக்கே போய், அங்கேயும் ஆங்கிலத்தைத் தேடுகிறோம்! சரி, இது என் ஆதங்கம், விஷயத்துக்கு வருகிறேன்.

எம்.பி.பி.எஸ். என்ற பெயர் பிரிட்டிஷார் நமக்கு விட்டுப் போனது. ரஷ்ய முறையில் மருத்துவப் படிப்பு ஆறு வருஷம். முடித்தால் ‘ஸ்பெஷலிஸ்ட்’ டிப்ளமா. இந்த ஸ்பெஷலிஸ்ட் நம் ஊர் ‘இருதய ஸ்பெஷலிஸ்ட்’ அல்ல; ஆறு வருஷப் படிப்பு முடித்தவன் என்பதற்கு அங்கே வழங்கும் பெயர், அவ்வளவுதான். மார்க் நூற்றுக்கு இத்தனை என்று இராது. 5 என்றால் மிக நன்று, 4 நன்று, 3 போதும், 2 வாங்கினால் தோல்வி. பல பரீட்சைகள் வாய்மொழி. மேஜை மேல் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்; ஒன்றை எடுக்க வேண்டும்; அதில் உள்ள கேள்விகளுக்கு வாத்தியார் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பழைய சோவியத் நாட்டைச் சேர்ந்த ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவைதாம். பின்னால் ஒவ்வொன்றும் தன் வழியில் மாற்றிக் கொண்டது.

இது மட்டமான முறையா? அல்ல. நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்கும் வாத்தியாரை ஏமாற்றுவது கஷ்டம். ஆனால் இந்தியாவுக்குத் திரும்பியதும் நம் பிள்ளைக்குக் காத்திருப்பது என்ன? 2002ல் ஏற்படுத்திய தகுதிப் பரீட்சை. ஒரே நாளில் 300 கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. எழுதுகிறவர்களில் நால்வரில் மூவர் தோற்றுப் போகிற பரீட்சைகளே அதிகம். ஆறு வருஷம் ஒரு தினுசில் பழகியவன் ஒரே நாளில் வேறு தினுசில் தேறியாக வேண்டும். “பிள்ளைக்கு மூளை இல்லை” என்று வீட்டில் பேசுகிறார்களே, அவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாம் வருஷத்திலிருந்தே இந்தப் பரீட்சைக்கும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள் தேறுகிறார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

பரீட்சைக்கு முன்னே விதி நிற்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18ல் விதிகளை வெளியிட்டது. எழுதிக் கொள்ளுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம். அதற்கு மேல் 12 மாதம் பயிற்சி, அதே வெளிநாட்டுக் கல்லூரியில். ஆங்கிலத்தில் கற்பித்திருக்க வேண்டும். பட்டம் பெற்றவன் அந்த நாட்டில், அந்நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக வைத்தியம் பார்க்கத் தகுதி உள்ளவனாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். திரும்பி வந்தபின் இங்கேயும் 12 மாதம் பயிற்சி உண்டு. இத்தனைக்கும் முன், போவதற்கே நீட் தேறியிருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் படி என்கிறது ஒரு விதி. அந்நாட்டானைப் போல அங்கே தொழில் செய்யத் தகுதி பெறு என்கிறது இன்னொரு விதி. ரஷ்யாவில் பட்டம் மட்டும் போதாது. அக்ரெடிடேஷன் என்ற சோதனை உண்டு, அது ரஷ்ய மொழியில். விதி செய்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே நாளில் எழுதினார்களா என்று எனக்குச் சந்தேகம்! ஆனால் விதி விதிதான். ஆகவே போகிற பிள்ளை முதல் நாளிலிருந்தே ரஷ்ய மொழியைக் கற்க வேண்டும். ‘ஆங்கிலம் போதும்’ என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

54 மாதம் என்ற ஓர் எண் என்ன செய்தது தெரியுமா? பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். 1898லிருந்து 1946 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த தேசம். ஆகவே மருத்துவக் கல்வியும் அமெரிக்க வழி: முதலில் ஒரு விஞ்ஞானப் பட்டம், அதன் பிறகே எம்.டி. எம்.டி. படிப்பு நான்கு வருஷம். தரகர் எப்படிக் கணக்குப் போட்டார்? முன்பட்டத்தையும் எம்.டி.யையும் கூட்டி, ‘ஆறு வருஷ டாக்டர் படிப்பு’ என்றார். முன்பட்டம் மருத்துவப் படிப்பில் சேராது என்று நம் ஆணையம் சொல்லிவிட்டது. நான்கு வருஷம் 48 மாதம். விதி கேட்பது 54. ஆறு மாதத்துக்காக, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நடுக்கடலில் நின்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போனவர்கள் ஏராளம். எம்.டி. என்றால் நம் ஊரில் மேற்படிப்பு, அங்கே முதல் மருத்துவப் பட்டம். இந்த ஒரு வித்தியாசத்தைப் போவதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால்?

உக்ரைனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 பிப்ரவரி 24ல் போர் மூண்டது. ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மாணவர்கள் உயிர் பிழைத்து ஊர் திரும்பினார்கள். இந்தியக் கல்லூரிகளில் இடம் கொடுங்கள் என்று கேட்டபோது, அதற்குச் சட்டத்தில் வழியில்லை என்று மத்திய சர்க்கார் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 2023 மார்ச்சில், கடைசி வருஷப் பிள்ளைகள் இங்கே பரீட்சை எழுத ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மற்றவர்கள் வேறு நாட்டுக் கல்லூரிகளைத் தேடி அலைந்தார்கள். போரை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் ‘நடுவில் நின்றால் என் பிள்ளையை யார் ஏற்பார்கள்’ என்ற கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்கலாம்.

எஞ்சினீயரிங் பிள்ளைகள் ஜெர்மனி பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் நம்மைப் போன்ற அயலாரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே பாங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகையை 11,904 யூரோவாக உயர்த்தினார்கள். பிளஸ் டூ முடித்ததும் நேரே சேர்வது பெரும்பாலோருக்கு முடியாது. ஒரு வருஷ ஆயத்தக் கல்லூரி உண்டு. மார்க் முறை தலைகீழ்: 1 என்றால் முதல் தரம், 4 என்றால் தப்பித்தாய், 5 என்றால் தோல்வி. பல பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்போடு முடிந்தது. நம் ஊர் போல வருஷக் கணக்கில் ‘அரியர்’ எழுதிக் கொண்டிருக்க முடியாது.

தரகரைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை. எல்லாரும் மோசக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குக் கமிஷன் கிடைப்பது பிள்ளை சேர்கிற அன்று. பிள்ளை டாக்டர் ஆகிற அன்று அல்ல. ஆகவே அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கல்லூரியின் பாடத்திட்டம் எத்தனை மாதம், பயிற்சி எங்கே, டிப்ளமாவில் அச்சாகும் பெயர் என்ன — இவற்றைக் கல்லூரியிடமே எழுதிக் கேளுங்கள். ரஷ்ய சர்க்கார் தருகிற உபகாரச் சம்பள இடங்களுக்குச் சென்னையில் உள்ள ரஷ்ய கலாசார மையத்திலேயே விசாரிக்கலாம். இடையில் ஆள் தேவையில்லை. அங்கே படிக்கிற நம் பிள்ளைகளில் ஐந்தாம் வருஷக்காரன் ஒருவனைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். முதல் வருஷக்காரன் பனியைப் பற்றித்தான் சொல்வான்.

கடையம் அம்மாள் இன்னும் பணம் கட்டவில்லை. அந்தக் கல்லூரிக்கு நாங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வர வேண்டும். இதோ, முன் வரிசையில் மகனோடு உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் நான் மேடைக்குக் கீழே மேஜையருகில் இருப்பேன். கையில் காகிதம் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். ரஷ்ய எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை; எழுத்துக் கூட்டியாவது படித்துச் சொல்கிறேன்.