பொலித்தீனும் நமது கடமையும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



சென்ற திருவிழா முடிந்த மறுநாள் நாம் சிரமதானஞ் செய்தோம். கோயில் வீதியிற் கிடந்த பைகளையும் போத்தல்களையும் கூட்டியள்ளி, ஒரு மூலையிற் குவித்து நெருப்பு வைத்தோம். வீதி துப்புரவாயிற்று, புகையோ அயல் வீடுகளுக்குட் புகுந்தது. முதியவர் ஒருவர் இருமிக்கொண்டே வந்து, "தம்பியவை, வீதிக் குப்பையை அள்ளி எங்கட நெஞ்சுக்குள்ள போட்டிட்டியள்" என்றார். நாம் தலைகுனிந்து நின்றோம். அச்சொல்லே இவ்வுரைக்குக் காரணம்.

பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப் புகை எழும். புதைத்தால் நெடுங்காலம் மக்காது கிடக்கும். வளவில் எறிந்த யோகட் கோப்பையில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். அம்பாறையிலே குப்பைமேட்டில் இரைதேடும் யானைகள் பொலித்தீனை விழுங்கி மடிந்துள்ளன.

சட்டம் இல்லாமலில்லை. 20 மைக்கிரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உடைய பொலித்தீன் 2007 இல் தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்ரில் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளிலே, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் சோறு சுற்றும் லஞ்ச் சீற் தடைக்குள்ளாயிற்று. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், தட்டு, மாலை முதலியனவும் விலக்கப்பட்டன. ஆயினும், சட்டம் நமது அடுக்களைக்குள் வந்து குப்பையைப் பிரித்துத் தரமாட்டாது.

போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துள் ஓர் இலக்கம் இருக்கும். 1 என்பது குடிநீர், சோடாப் போத்தல். அதனைத் துண்டாக்கி உருக்கி நூலாகவும் இழுக்கலாம். 2 என்பது ஷாம்பூ, சலவைத் திரவக் கலன்கள். 4 என்பது பெரும்பாலும் மெல்லிய பை. ஒரு வகை மற்றொன்றுடன் கலந்து உருக்கப்படின் பொருள் தரங்கெடும். கறிக்குழம்பு படிந்த பையை வாங்குவார் இல்லை. ஆகவே மீள்சுழற்சி ஆலையிலே தொடங்குவதன்று. கழுவிக் காயவைக்கும் நமது கைகளிலே தொடங்குவது.

மெல்லிய பையின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. ஆயிரம் சேர்ந்தாலும் நிறை காணாது. ஆலை இயந்திரத்திலோ சுற்றிக்கொள்ளும். அதற்குச் சிறந்த மருந்து அதனை வாங்காமையே. நம் பாட்டிமார் சந்தைக்குக் கடகமும் மீனுக்கு உமலும் கொண்டு சென்றனர். கடைக்காரரிடம் பை கேட்டு அவர்கள் நின்றதில்லை.

இளைஞர்களே, மூன்று காரியங்களை மேற்கொள்வோம். வீடுதோறும் இரண்டு சாக்குகள் வைப்போம்: ஒன்று கழுவிய போத்தலுக்கு, மற்றது உலர்ந்த பைகளுக்கு. மாதம் ஒருமுறை அவற்றைச் சேர்த்து, உள்ளூராட்சிச் சபையிடமோ பழைய பொருள் வாங்குவோரிடமோ ஒப்படைப்போம். வருந் திருவிழாவில் அன்னதானத்தை வாழையிலையிலும் தண்ணீர்ப்பந்தலிற் சர்க்கரைத் தண்ணீரைக் கழுவிப் பாவிக்கும் பேணியிலும் வழங்குவோம்.

பெரியோர்களே, பேணி கழுவ நாம் ஆயத்தம். கடகம் பின்னும் கைப்பழக்கத்தை நீங்கள் எமக்குக் கற்றுத்தாருங்கள். அடுத்த சிரமதானத்தன்று அந்த முதியவர் இருமாது வாசலில் அமர்ந்திருப்பாராயின், அதுவே நமது சங்கத்திற்குப் போதிய புகழாகும்.