பிறருக்கு நேரும் நஷ்டமும் நம் பொறுப்பே

(சுயதொழில் செய்யும் இளைஞர்களுக்காக நமது டிரஸ்ட் நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பியின் அனுபவத்தை, அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் உங்கள் முன் வைக்கிறேன். கடைகள், அலுவலகங்களின் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுப்பது அவர் தொழில். ஏணியும் மெஷினும் வாங்க நம் டிரஸ்டிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுத்தோம். ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஒரு நாள் இரண்டாவது மாடியில் வேலை பார்க்கும்போது தண்ணீர் வாளி கைநழுவிக் கீழே விழுந்தது. நடந்து போன பெரியவர் ஒருவரின் தோள் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செலவு, அவர் கடை மூடிக் கிடந்த நாட்களின் நஷ்டம் எல்லாம் இந்தத் தம்பியின் தலையில் வந்தது. முதலில் மனைவியின் நகை போனது. பிறகு ஏணியும் மெஷினும் போயின.

அப்போது அவர் ஒரு சீட்டோடு என்னிடம் வந்தார். "பாய், நான்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்கேனே, இது உதவாதா?" என்று கேட்டார். பேங்க் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அந்தப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம். நல்ல திட்டம்தான். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். ஆனால் அது நமக்கு அடிபட்டால் வருவது. நம்மால் அடுத்தவருக்கு அடிபட்டால் அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

அந்தத் தம்பியை மட்டும் நான் குறை சொல்ல முடியாது. கடன் கொடுக்கும்போது இரண்டு ஜாமீன் கையெழுத்து கேட்டேன், ஆதார் நகல் கேட்டேன். "கீழே போகிறவர் மேல் ஏதாவது விழுந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் இந்தக் கூட்டம்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் தெரியும். நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு அது. தொழிலுக்கும் அதே போல ஒன்று உண்டு. அதற்குப் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி என்று பெயர். வண்டிக்குச் சட்டம் கட்டாயப்படுத்துவதால் போடுகிறோம். தொழிலுக்கு யாரும் கேட்பதில்லை, அதனால் மறந்துவிடுகிறோம்.

சிலர் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். "இன்சூரன்ஸ் கூடுமா?" இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஃபத்வா கொடுக்க நான் ஆள் இல்லை. நம் இமாம் அவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது விவரமாகக் கேளுங்கள்: இதில் முதிர்வுத் தொகை இல்லை, போனஸ் இல்லை, பணம் போய்ச் சேர்வது பாதிக்கப்பட்டவருக்கு. ஆனால் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை. தெரியாமல் செய்தாலும் அடுத்தவர் பொருளை அழித்தவர் ஈடு கொடுக்க வேண்டும். மதரஸாவில் ளமான் பாடம் ஓதியவர்களுக்கு இது தெரியும். தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் அந்த தியத்தைத் தனி ஆள் தலையில் மட்டும் வைக்காமல், ஆகிலா என்ற உறவுக் கூட்டம் பங்கிட்டுச் சுமந்ததும் நம் ஃபிக்ஹில் உள்ளதுதான். பாலிசி எடுக்காதவர் வேறு ஏற்பாடாவது செய்துகொள்ள வேண்டும். பொறுப்பு மட்டும் யாரையும் விட்டுப் போகாது.

சரி, எடுப்பது என்று முடிவு செய்தால் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஏஜென்டிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, இது எந்தப் பாலிசி? போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1991-இல் பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் சட்டம் வந்தது. அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாறாதீர்கள். நமக்கு வேண்டியது, தொழிற்சாலை அல்லாத தொழில்களுக்கான பப்ளிக் லயபிலிட்டி, அல்லது கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி.

இரண்டு, உயரம். விண்ணப்பத்தில் 'கிளீனிங்' என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மாடி, ஏணியா, சாரமா, கயிற்றில் தொங்கியா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று மறைத்தால், விபத்தன்று அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள். மறைப்பது மார்க்கப்படியும் சரியல்ல.

மூன்று, துடைக்கும் கண்ணாடிக்கே சேதம் வந்தால் கிடைக்குமா? இது மிக முக்கியம். வாளி விழுந்து காரின் கண்ணாடி உடைந்தால் அதை ஏற்கும் பாலிசிகளில் பல, நாம் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளுக்கே வரும் சேதத்தை விலக்கி வைக்கின்றன. புதுக் கட்டிடத்தில் சிமெண்ட் துளியைப் பிளேடால் சுரண்டும்போது டஃபன்ட் கிளாஸில் கோடு விழுவது நீங்கள் அறிந்ததுதான். ஒரு பெரிய ஷோரூம் கண்ணாடியின் விலை உங்கள் பல மாத வருமானம். 'விலக்குகள்' பகுதியை முதலில் படியுங்கள். வேலை தொடங்குமுன் இருக்கும் கீறல்களைப் போனில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். இதற்குச் செலவில்லை.

நான்கு, தொகை. ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருடம் முழுவதற்கும் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும், வக்கீல் செலவு அந்த வரம்புக்குள்ளா வெளியிலா என்றும் கேளுங்கள். பிரீமியம் குறைவு என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள்.

ஐந்து, தேதி. பல பாலிசிகளில் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். விபத்து நடந்து பல மாதம் கழித்தும் நோட்டீஸ் வரலாம். இடையில் புதுப்பிக்காமல் விட்டால் பழைய பாதுகாப்பும் போய்விடும்.

ஆறு, கூட வேலைக்கு வருபவர். மச்சானையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கூலிக்கு அழைத்துப் போனால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் முதலாளி. வேலையில் அவருக்கு அடிபட்டால் ஈடு கொடுக்கும் பொறுப்பு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. கட்டிட உரிமையாளர் முதலில் கொடுத்தாலும் உங்களிடம் திரும்ப வசூலிக்க முடியும். பப்ளிக் லயபிலிட்டி இதற்கு உதவாது. தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிசி தனியாக வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால்? முதலில் மனிதனைப் பாருங்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிறகு அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். படங்கள், பில்கள், பார்த்தவர்களின் பெயர்களைச் சேர்த்து வையுங்கள். நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். ஆனால் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் "முழுப் பொறுப்பும் என்னுடையது, இவ்வளவு தருகிறேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். பாலிசி செல்லாமல் போகக்கூடும். நியாயமில்லாமல் மறுத்தால் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அல்லது பதில் சரியில்லை என்றால், இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சிறு தனிநபர் தொழில்களையும் அவர் விசாரிப்பார். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை.

நிர்வாகக் குழுவில் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி உயரத்தில் வேலை செய்யும் தொழிலுக்குக் கடன் கேட்பவர், விரும்பினால் முதல் வருடப் பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துக் கேட்கலாம். பாலிசி நகலைக் கொண்டு வந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். அந்தத் தம்பிக்குப் புதிய ஏணிக்கான கடன் சென்ற மாதம் கொடுத்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பெரியவரும் மீண்டும் கடை திறந்துவிட்டார்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இன்று இரவு வீட்டில் கேளுங்கள்: "பெல்ட் போட்டீங்களா? கீழே ஆள் போகாமல் கயிறு கட்டினீங்களா?" பாலிசியை விட முந்திய பாதுகாப்பு அதுதான்.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! நம் கையால் யாருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.